மார்லிஸ் பஸ்ஸில் ஒரு சத்தம்

மார்லிஸ் டோர்சனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ் ஓட்டும்போது உட்காருவாள், அதுவும் வேறு வழியில்லாததால். பள்ளி அலுவலகத்துக்குள் வந்தால் என் மேசையிலிருக்கும் பேனாக்களை அடுக்கி வைப்பாள், ஏற்கெனவே துடைத்த காபி மெஷினை இன்னொரு முறை துடைப்பாள், ஜன்னல் திரையை ஏற்றி இறக்குவாள். "கொஞ்சம் நில்லுடி, உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்று நான் கத்தாத நாளில்லை. அவளுக்கும் எனக்கும் நாற்பது வருஷப் பழக்கம். அவளுக்கு அறுபத்து மூன்று, எனக்கு ஒன்று குறைவு. நான் ஆர்டிஸ், ஹெல்மர் ஆரம்பப் பள்ளியின் அலுவலகத்தில் ஃபோன் எடுப்பவள். ஃபோன் எடுப்பவளுக்குத் தெரியாத விஷயம் எந்த ஊரிலும் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு வயல்கள்தான். அந்த வயல்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவது ஒன்பதாம் நம்பர் பஸ். இருபத்தொன்பது வருஷமாக அது மார்லிஸின் பஸ். ஹெல்மரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் பாதிப் பேர் அவள் முதுகைப் பார்த்தபடி பள்ளிக்கு வந்தவர்கள்.

எங்கள் பஸ்களில் யாரும் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. மழலையர் வகுப்பு முன் வரிசையில் உட்காரும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரலாம். ஆறாம் வகுப்பு வந்தால்தான் கடைசி சீட். அந்தக் கடைசி சீட்டுக்காகப் பிள்ளைகள் ஆறு வருஷம் காத்திருக்கும்.

மார்லிஸுக்கும் அவளுடையதென்று ஒரு முறை இருந்தது. யாராவது ஒரு பிள்ளையைப் பின்னாலிருப்பவர்கள் சீண்டினால், மறுநாளே அந்தப் பிள்ளையைத் தூக்கி முதல் வரிசை வலது சீட்டில் வைத்துவிடுவாள். கதவுக்குப் பக்கத்தில், அவள் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடியில் நேராகத் தெரியும் இடத்தில். "என் கண்ணு முன்னாடி இருந்தா ஒரு ஈ அண்டாது" என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் டிரைவர்கள் கூட்டத்தில் சொல்லுவாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் பஸ்ஸில் ஒரு கைகலப்பு கிடையாது. அதற்காகக் கல்வி மாவட்டம் அவளுக்கு ஒரு பலகை கொடுத்தது. அந்தப் பலகைக்கான வாசகத்தை டைப் செய்தவள் நான்தான். இப்போது நினைத்தால் விரல் கூசுகிறது.

மார்லிஸுக்கு இருந்த ஒரே குறை பஸ்ஸில் வரும் ஒரு சத்தம். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எல்லா நாளும் வராது. சில வருஷம் வரவே வராது, சில வருஷம் குளிர்காலம் முழுக்க வரும். அவள் புகார் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பட்டறைக்காரர்கள் சீட் போல்ட்டுகளை முறுக்கினார்கள், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார்கள், ஹீட்டர் விசிறியையே மாற்றினார்கள். ஆறு வருஷத்துக்கு முன் புதுப் பெயிண்ட் வாசனையோடு புது பஸ் வந்தது. ஒரே மாதத்தில் மார்லிஸ் என் முன்னால் வந்து நின்றாள். "இதுலயும் வருதுடி."

"சத்தம் பஸ்ஸுல இல்ல, மார்லிஸ் மண்டைலதான் ஒரு நட்டு கழண்டிருக்கு" என்று பட்டறையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் டஸ்டின் என்பவன் மெக்கானிக்காக வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான், முப்பத்தைந்து வயது, மேற்கே எண்ணெய் வயல்களில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். அதிகம் பேசமாட்டான். அவள் புகார் கொடுத்தபோதெல்லாம் சலித்துக்கொள்ளாமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு காலி ரோட்டில் பத்து மைல் ஓட்டிப் பார்த்தான். 'சத்தம் எதுவும் கேட்கவில்லை' என்று ஒவ்வொரு தடவையும் தாளில் எழுதி வைத்தான்.

இந்த நேரத்தில்தான் ஜூனி வந்தாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, அவளைவிடப் பெரிய ஒரு பை. போன ஆகஸ்டில் அம்மா ஷெல்பியோடு பிஸ்மார்க் நகரத்திலிருந்து வந்து, ஊருக்கு வெளியே ஏழு மைலில் சரளை ரோட்டோரம் ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஷெல்பிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதனால் ஜூனி தானே எழுந்து, தானே சாப்பிட்டு, தானே கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நிற்பாள். பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

செப்டம்பர் முதல் வாரம் பின்சீட்டுக்காரர்கள் அவளுடைய தொப்பியைப் பிடுங்கிக் கைமாற்றிக் கைமாற்றி விளையாடினார்கள். மார்லிஸ் கண்ணாடியில் பார்த்தாள். மறுநாள் ஜூனி முதல் வரிசை வலது சீட்டில். "முடிஞ்சுது விஷயம்" என்று என் பேனாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

விஷயம் முடியவில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து காலை எட்டு இருபதுக்கு என் மேசைக்கு முன்னால் ஜூனி வந்து நிற்க ஆரம்பித்தாள். வயிற்றுவலி. முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், அப்புறம் தினமும். எங்கள் பள்ளிக்கு நர்ஸ் வியாழக்கிழமை வருவார், மனநல ஆலோசகர் செவ்வாய்க்கிழமை வருவார். வயிற்றுவலி கிழமை பார்த்து வருகிறதா என்ன? மற்ற மூன்று நாளும் நான்தான் நர்ஸ், நான்தான் ஆலோசகர். உப்பு பிஸ்கட் கொடுத்து உட்கார வைப்பேன்.

"யாராவது அடிச்சாங்களா, செல்லம்?"

"இல்ல."

"திட்டினாங்களா?"

"இல்ல."

"பஸ்ஸுல ஏதாவது?"

"ஒண்ணும் சொல்லல. யாரும் ஒண்ணும் சொல்லல."

பிஸ்கட்டை ஓரம் ஓரமாகக் கொறித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. நானும் மார்லிஸிடம் கேட்டேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் பஸ்லயா? அவ என் கைக்கெட்டுற தூரத்துல உக்காந்திருக்கா. வகுப்புல போய்க் கேளு!"

அக்டோபரில் ஷெல்பி வேலை உடுப்போடு என் முன்னால் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "தினம் நீங்க ஃபோன் பண்றீங்க. நான் ஒருத்தரக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பேன், பாதில விட்டுட்டு ஓடி வந்து ஃபோன எடுக்கறேன். எத்தன நாளைக்கு? இது சரியாகலன்னா மைனட் டவுன்ல எங்க அக்கா வீட்டுல விட்டுடலாம்னு பாக்கறேன். அங்க நடந்தே ஸ்கூலுக்குப் போயிடலாம். நான் ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துக்கறேன்" என்றாள். அந்த இரண்டு பேருக்கும் உலகத்தில் அந்த இரண்டு பேர்தான். எட்டு வயதுக் குழந்தையை ஒரு வயிற்றுவலி அம்மாவிடமிருந்து பிரிக்கப் போகிறது, அது என்ன வலி என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

அக்டோபரில் எங்கள் பள்ளியில் ஆரஞ்சுச் சட்டை நாள் வரும். சீண்டலுக்கு எதிராகப் பிள்ளைகள் எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டு வருவார்கள். இந்த முறை சட்டையில் 'இங்கே யாரும் தனியாக இல்லை' என்று அச்சடித்திருந்தது. சட்டையால் கொடுமை ஒழியும் என்றால் எங்கள் ஊரில் அது எப்போதோ ஒழிந்திருக்கும். ஆனாலும் இருநூறு சட்டைக்கும் அளவு குறித்து, ஆர்டர் கொடுத்து, பிரித்துக் கொடுத்தவள் நான்தான், வேறு யார்?

சட்டை நாளான அந்தப் புதன்கிழமைதான் டஸ்டின் மார்லிஸின் பஸ்ஸில் ஏறினான். சத்தம் இப்போது தினமும் வர ஆரம்பித்திருந்தது. "காலி பஸ்ஸ ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதாத. பசங்க இருக்கும்போது வந்து கேளு" என்று மார்லிஸ் அவனைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். அவன் டார்ச்சும் ஸ்பேனருமாக அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான். வழியெல்லாம் ஆரஞ்சுச் சட்டைகள் ஏறின. சத்தம் இல்லை. ஜூனியின் வீட்டு முன்னால் பஸ் நின்றது. அவள் ஏறி வலது சீட்டில் உட்கார்ந்தாள். டிக். பின்னாலிருந்து ஒன்று. அப்புறம் நடுவிலிருந்து ஒன்று. அப்புறம் வரிசையாக டிக், டிக், டிக்.

"கேட்டியா? கேட்டியா? இதத்தான் சொல்லிட்டிருந்தேன்!" என்று மார்லிஸ் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சந்தோஷமாகக் கத்தினாளாம்.

பிள்ளைகள் இறங்கி உள்ளே போனதும் இரண்டு பேரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மார்லிஸின் முகத்தில் அப்படியொரு வெற்றி. "கேட்டுட்டான், ஆர்டிஸ்! என் மண்டைல நட்டு கழண்டிருக்குன்னீங்களே எல்லாரும்!"

டஸ்டின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "கதவச் சாத்துங்க" என்றான் என்னிடம். சாத்தினேன்.

"பஸ்ஸுல ஒண்ணும் இல்ல, மார்லிஸ்."

"பின்ன என்னடா? நீயும்தான கேட்ட?"

"அது பசங்க வாய்." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கிக் காட்டினான். டிக். "கைக்குழந்தைய கார் சீட்ல வச்சு பெல்ட் மாட்டுவோம்ல, அந்தச் சத்தம். உங்க முதல் சீட்டுக்குப் பசங்க வச்சிருக்கற பேரு கார் சீட். அதுல யாரு உக்காந்தாலும் பாப்பா. பாப்பாவுக்கு பெல்ட் மாட்டறாங்க."

மார்லிஸ் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"நான் ரெண்டு வருஷம் அதுல உக்காந்தவன்."

ஃபோன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மூணாவது படிக்கறப்ப என் ஷூவக் கழட்டி ஜன்னல் வழியா எறிஞ்சாங்க. நீங்க பஸ்ஸ நிறுத்தி, இறங்கிப் போய் எடுத்துட்டு வந்தீங்க. மறுநாள்லேருந்து என்னை முன்னாடி வச்சுக்கிட்டீங்க. அப்புறம் ஷூவ யாரும் தொடல."

"அப்ப ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? யாரும் அடிக்கல, திட்டல. நீங்க தினம் காலைல 'டஸ்டின் கண்ணா, வந்துட்டியா'ன்னு கேப்பீங்க. அதுக்கும் சேத்துத்தான் சிரிச்சாங்க. நீங்க ஆசையா கேப்பீங்க, அதப் போய் எப்படிச் சொல்றது?" தொப்பியின் விளிம்பை முறுக்கினான். "ஷூவ எறிஞ்சதே தேவலன்னு இருந்துச்சு. அது ஒருத்தன் செஞ்சது. இது பஸ்ஸே சேந்து செஞ்சது."

மார்லிஸ் என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கி, அந்த சீட்டில் தான் வைத்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். பத்தாவது பெயருக்கு மேல் அவளால் முடியவில்லை. எழுந்து போய்க் காபி ஜாடியைக் கழுவினாள். அது கழுவித்தான் இருந்தது.

என் மகன் டெரிக்கும் அந்த பஸ்ஸில் போனவன்தான். டஸ்டினோடு ஒரே வகுப்பு. இப்போது ஃபார்கோவில் இன்ஷூரன்ஸ் விற்கிறான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"நீயும் அந்த டிக் சத்தம் போட்டியாடா?"

சிரித்தான். "ஐயோ, கார் சீட்டா! எல்லாரும்தாம்மா போட்டோம். சும்மா வெளையாட்டு."

"டஸ்டினுக்கு அது வெளையாட்டா இல்ல."

"அவன் அதையெல்லாமா இன்னும் ஞாபகம் வச்சிருக்கான்?"

ஃபோனை வைத்துவிட்டேன். சர்ச்சில் வயதானவர்களுக்குக் கதவைத் திறந்து பிடிக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். நல்ல பிள்ளை என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும்போது ஒன்றை உடைத்தேன். கை தவறி உடைந்தது என்று சொன்னால் அது பொய்.

மார்லிஸால் சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வியாழக்கிழமை காலை, கடைசிப் பிள்ளையும் ஏறிய பிறகு, ரோட்டோரம் கிழங்கு மலைபோல் குவித்திருந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். முகம் சிவக்கக் கத்தினாள். "அந்தச் சத்தம் என்னன்னு எனக்குத் தெரியும்! இனிமே ஜூனிய யாராவது பாப்பான்னு நினைச்சீங்க, பாத்துக்குங்க!" பஸ்ஸில் இருந்த முப்பத்தொரு ஜோடிக் கண்களும் ஜூனியின் பக்கம் திரும்பின. அதுவரை யாரும் அவளை வாய்விட்டுப் பாப்பா என்று சொன்னதில்லை. மார்லிஸ்தான் முதலில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஜூனி பஸ்ஸுக்கு வரவில்லை. மார்லிஸ் ஹாரன் அடித்து நான்கு நிமிஷம் காத்திருந்தாள். குழந்தை வீட்டுக்குப் பின்னால் இருக்கும், ஹீட்டருக்கான பெரிய கேஸ் டாங்கின் மறைவில், பனி விழுந்த தரையில் குந்தியிருந்திருக்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் ட்ரக்கிலிருந்து பார்த்துவிட்டு ஷெல்பிக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்பது மணிக்கு ஷெல்பி எனக்கு ஃபோன் செய்தாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "திங்கக்கெழம மைனட்ல சேத்துடறேன். மாத்தல் பேப்பர ரெடி பண்ணி வைங்க."

மார்லிஸிடம் சொன்னேன். அவள் எதையும் அடுக்கவில்லை, துடைக்கவில்லை. "அந்தக் குழந்தைய சீட்டு மாத்துனதுதான் தப்பு" என்றாள். "மாத்த வேண்டியது அவள இல்ல." அன்று சாயங்கால பஸ்ஸில் ஆறாம் வகுப்பு முழுவதையும் முன்னால் இரண்டு வரிசைகளில் உட்கார வைத்தாள். முதல் வரிசை வலது சீட்டில் ஈஸ்டன் ஆமுன்ட்சன். புதன்கிழமை முதல் டிக் அவனிடமிருந்துதான் கிளம்பியது என்று டஸ்டின் சொல்லியிருந்தான். கடைசி வரிசை காலியாகவே போனது.

நாலரை மணிக்கு என் ஃபோன் அலற ஆரம்பித்தது. முதல் ஆள் ஈஸ்டனின் அப்பா.

"ஆறு வருஷம் காத்துட்டிருந்தான் என் பையன் அந்த சீட்டுக்கு! நானும் காத்திருந்து உக்காந்தவன். எங்கப்பாவும் உக்காந்தவரு!"

"உங்கப்பா ட்ராக்டர்லதான வந்தாரு? எனக்குத் தெரியாதா?"

"ஆர்டிஸ், வெளையாடாதீங்க. பெரிய பையனப் போய் பாப்பா மாதிரி முன்னாடி உக்கார வச்சா அவனுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? சொல்லுங்களேன், கேப்போம்."

அவரும் அந்த பஸ்ஸில் வந்தவர்தான். அவருக்கும் தெரியும். ஃபோனை வைத்துவிட்டார்.

இன்னும் பத்து பேர் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் லண்ட் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். யாருக்கும் கோபம் வந்துவிடக் கூடாது என்பதே அவருக்கு முழுநேர வேலை. "திங்கக்கெழமலேருந்து பழையபடியே உக்காரலாம்னு வீடுகளுக்கு ஒரு லெட்டர் அனுப்பிடுங்க, ஆர்டிஸ். செவ்வாய்க்கெழம ஆலோசகர் வரட்டும், பேசிக்கலாம்."

"செவ்வாய்க்கெழம அந்தக் குழந்தை மைனட்ல இருக்கும். என் பையனும் அந்தச் சத்தம் போட்டவன்தான். லெட்டர்ல அதையும் சேத்து எழுதட்டுமா? கீழ நீங்க கையெழுத்து போடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வாரம்" என்றார். "ஒரு வாரம் பாக்கலாம்."

அன்று சாயங்காலம் மார்லிஸும் நானும் ஷெல்பி வீட்டுக்குப் போனோம். மார்லிஸ் ஒரு தட்டு சாக்லேட் பார் கேக் செய்து எடுத்து வந்திருந்தாள். எங்கள் ஊரில் சாவுக்கும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான். கதவருகே ஊதா நிறத்தில் ஒரு சின்ன சூட்கேஸ் நின்றுகொண்டிருந்தது. ஷெல்பி எங்களை உள்ளே வரச் சொல்ல வெகுநேரம் யோசித்தாள்.

ஜூனி மேசையில் மக்ரோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"ஜூனி, நான் தப்பு பண்ணிட்டேன். உன்னை அங்க உக்கார வச்சதும் தப்பு, எல்லார் முன்னாடியும் உன் பேரச் சொன்னதும் தப்பு. இனிமே உன்னை விட்டு ஒரு நிமிஷம்கூட என் கண்ண..."

அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள்.

"நீ எங்க உக்காரணும்னு நீயே சொல்லு" என்றாள்.

ஜூனி அம்மாவைப் பார்த்தாள். "எங்க வேணாலுமா?"

"எங்க வேணாலும். என் சீட்டத் தவிர."

குழந்தை சிரிக்கவில்லை. முள்கரண்டியால் தட்டில் கோடு போட்டுக்கொண்டு யோசித்தாள். "நீங்க பாக்காத எடத்துல" என்றாள்.

மார்லிஸுக்குப் புரியவில்லை.

"நீங்க கண்ணாடில என்னைப் பாப்பீங்கல்ல, நான் நல்லா இருக்கேனான்னு? அப்ப எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. ஏழாவது வரிசைல உக்காந்துக்கறேன். நீங்க பாக்கக் கூடாது."

மார்லிஸின் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். இருபத்தொன்பது வருஷமாக அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அந்தப் பார்வை ஒன்றைத்தான்.

"சரி" என்றாள்.

"ஏறும்போது 'ஜூனி கண்ணு'ன்னு கூப்பிடவும் வேணாம்."

"சரி."

"எறங்கும்போதும் பாக்கக் கூடாது."

"சரிம்மா."

ஷெல்பி குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழம ஒரு நாள்" என்றாள் எங்களிடம். "அவளா ஏறி வந்து, அவளா எறங்கி, எனக்கு வயித்துவலின்னு ஃபோன் வரலன்னா பெட்டியப் பிரிச்சுடறேன். வந்துச்சுன்னா அன்னிக்கே மைனட். அதுக்கப்புறம் என்கிட்ட யாரும் பேச வராதீங்க."

திரும்பும்போது வண்டியில் மார்லிஸ் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தாள். "பாக்காம எப்படிடி ஓட்டுவேன்? அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"முன்னாடி ஆறாம் கிளாஸு உக்காந்திருக்குல்ல, அதப் பாரு. ஆசை தீரப் பாரு."

சனிக்கிழமை அவள் பட்டறைக்குப் போய் டஸ்டினைப் பார்த்தாள். என்னவோ சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அவன் "பரவாயில்ல, மார்லிஸ்" என்றிருக்கிறான். "பரவாயில்லன்னு சொல்லாதடா, எனக்கு அது வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு நான்கு முறை ஃபோன் செய்தாள். நான்காவது முறை எதற்குச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழே முக்காலிலிருந்து நான் ஜன்னலில் நின்றேன். எட்டு ஐந்துக்கு வர வேண்டிய ஒன்பதாம் நம்பர் வரவில்லை. எட்டு எட்டாயிற்று. கிழங்கு ட்ரக்குகள் ரோட்டை அடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபோனைப் பார்த்தேன். அடித்துத் தொலைக்காதே என்று மனதுக்குள் அதைத் திட்டினேன். எட்டுப் பதினொன்றுக்கு மஞ்சள் தலை தெரிந்தது.

கதவு திறந்தது. முதலில் ஆறாம் வகுப்பு இறங்கியது. ஈஸ்டன் தாடையை இறுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனான். அப்புறம் மழலையர். அப்புறம் ஒவ்வொருவராக. நான் எண்ணிக்கொண்டே வந்து இருபதில் விட்டுவிட்டேன். அப்புறம் பெரிய பை ஒன்று தெரிந்தது. ஜூனி படியில் பின்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, தனக்குப் பின்னால் வந்த நான்காம் வகுப்புப் பையன் ஒருவனோடு கையை வீசி வீசி வாதாடிக்கொண்டிருந்தாள். வளைக்கரடியும் ஓநாயும் மோதினால் எது ஜெயிக்கும் என்று சண்டை. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. டிரைவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கோட்டுப் போட்டுக்கொள்ளாமல் வெளியே ஓடினேன். பஸ் காலியாக நின்றது. மார்லிஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியாகக் கொடிக்கம்பத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கிட்டாளா?" என்றாள், கழுத்தைத் திருப்பாமல்.

"நீ பாக்கலயா?"

"பாக்க மாட்டேன்னு சொன்னேன்ல? ஏறும்போது படில ஏறுன ஷூவ மட்டும்தான் பாத்தேன். ஏழு மைல், ஆர்டிஸ். ஏழு மைலும் அவ சிரிக்கறாளா, அழறாளான்னு தெரியாம ஓட்டிட்டு வந்திருக்கேன். எறங்கிட்டாளா, சொல்லித் தொலைடி."

"எறங்கிட்டா."

"அழுதிருக்காளா?"

"ஒரு பையன்கூட சண்டை போட்டுக்கிட்டே போறா. ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறா."

"கத்தறாளா?"

"தொண்ட கிழிய."

மார்லிஸ் அப்படியே ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்தாள். அவள் நெற்றி அழுத்தியதில் ஹாரன் நீளமாக அலறியது. மைதானத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜூனி திரும்பவில்லை. அந்தப் பையனிடம் அவள் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது.